கோன் எந்தப் பக்கம் நகருது?

மாசித் தேர் சமயத்தில் மேச்சேரி பத்ரகாளியம்மன் கோயில் வீதியில் ரேடியோ செட்டு கட்டுகிறவர்களுக்குத் தூக்கம் கிடையாது. என் அப்பா அப்படி ஒருவர். மரத்துக்கு மரம் குழாய் கட்டிய காலம் போய், அவர் முதன்முதலாக இரண்டு பெரிய பாக்ஸ் வாங்கி வந்த வருடம், பாட்டு போட்டதும் முகம் சுருங்கிவிட்டது. சத்தம் இருந்தது, அடித்தொண்டை இல்லை. தவில் தகர டப்பாவாகக் கேட்டது.

அவர் ஆம்ப்ளிபயரைத் தொடவில்லை. டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரிக் கட்டையைக் கழற்றி, ஸ்பீக்கர் ஒயரின் இரு முனையிலும் ஒரு நொடி வைத்தார். "கோன் எந்தப் பக்கம் நகருதுன்னு பாரு சாமி" என்றார். ஒரு பாக்ஸில் கோன் வெளியே வந்தது, இன்னொன்றில் உள்ளே போனது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் அடிநாதம் அங்கேயே செத்துவிடும். ஒயரை மாற்றிக் கட்டினார். தவில் திரும்பி வந்தது.

நான் கிடார் வாசிக்கிறேன். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்துக் கிடாரை முதலில் கேட்டது அப்பாவின் குழாயில்தான். கணீரென்று இருந்தது, ஆனால் கனம் இல்லை. கிடாரின் குரலில் பாதி அது வெளியே வரும் பெட்டியுடையது என்பது புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

அந்தப் பெட்டிக்குப் பெரிய சரித்திரம் உண்டு. காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருளை வைத்துக் காகிதக் கோனை அசைக்கும் ஸ்பீக்கரை ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925இல் விளக்கி எழுதினார்கள். ஏழு வருடம் கழித்து ரிக்கன்பேக்கரின் எலக்ட்ரிக் கிடார் விற்பனைக்கு வந்தது. 1960களில் லண்டனில் மார்ஷல் 45 வாட் ஆம்ப் செய்தபோது, ஒற்றை ஸ்பீக்கர் அந்த பலத்தைத் தாங்காது என்பதால் செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல ஸ்பீக்கர் நான்கை ஒரே பெட்டிக்குள் வைத்தார்கள். தாங்குவதற்காகச் செய்த ஏற்பாடு, பிறகு ராக் இசையின் குரலாகவே ஆகிவிட்டது. 1964இல் ஆங்கிலேய ராக் கிடார்காரர் டேவ் டேவிஸ் தன் ஸ்பீக்கர் கோனை பிளேடால் கீறி வாசித்தார். அந்தக் கிழிசலின் கரகரப்புக்காகவே இன்றும் அந்தப் பதிவைத் தேடிக் கேட்கிறார்கள்.

கிடார் ஸ்பீக்கரின் கோன் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியே விடாது. அந்தக் குறைதான் வரம். பெட்டியைக் கழற்றிவிட்டு டிஸ்டார்ஷன் கிடாரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகிக் கேட்டால், காதுக்குள் குளவி புகுந்த மாதிரி இருக்கும்.

மேச்சேரியில் வாடகை வீட்டில் அப்படியொரு பெட்டியை அலற விட முடியாது. அதனால் என்னிடம் பெட்டி இல்லை, பெட்டியின் பதிவுகள் இருக்கின்றன. கல் மண்டபத்தில் ஒருமுறை கை தட்டினால், மண்டபம் எப்படிப்பட்டது என்பது எதிரொலியிலேயே தெரிந்துவிடுகிறதல்லவா? அதே போல ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு 'டக்' கொடுத்து, அது அதிர்ந்து அடங்குவதை மைக்கில் பிடித்துவைப்பதுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். கிடார்காரர்கள் சுருக்கமாக ஐஆர் என்பார்கள். கீழ் சுருதியிலிருந்து உச்சிவரை ஏறும் ஒரு நீண்ட ஒலியைக் கொடுத்து, அதிலிருந்து அந்த 'டக்'கைக் கணக்கிட்டு எடுக்கும் வழியை இத்தாலியின் ஆஞ்சலோ ஃபரீனா 2000இல் பாரிஸில் விவரித்தார். செலஸ்டியனே 2017இல் தன் ஸ்பீக்கர்களின் ஐஆர்களை விற்க ஆரம்பித்தது.

அந்தப் பதிவிலிருந்து பெட்டியின் குரலைக் கிடாருக்குக் கொடுக்கக் கணக்குப் போட வேண்டும். நொடிக்கு 48,000 புள்ளியாக வரும் கிடார் ஒலியை 2,048 புள்ளி நீளமுள்ள ஐஆரோடு நேரடியாகப் பெருக்கிக் கூட்டினால், நொடிக்கு 9.8 கோடிப் பெருக்கல். வில்லியம் கார்ட்னர் என்பவர் 1995இலேயே, ஐஆரைத் துண்டு துண்டாக வெட்டி, தாமதமில்லாமல் இதைக் குறைந்த கணக்கில் முடிக்கும் வழியைக் காட்டியிருந்தார். என் பழைய லேப்டாப் திணறாமல் ஓடுவது அந்த மாதிரி வழிகளால்தான்.

ஒரே ஐஆர் எனக்குப் போதவில்லை. ஷூர் எஸ்எம்57 மைக்கைக் கோனின் நடு மூடி விளிம்பில் வைத்துப் பிடித்தது கூர்மையாக வெட்டும். ரிப்பன் மைக்கில் பிடித்தது வெதுவெதுப்பாக உட்காரும். இரண்டையும் கலந்தால் நன்றாக இருக்கும் என்று கலந்தேன். தனித்தனியாக அழகாக இருந்தவை சேர்ந்ததும் சோகையாகிவிட்டன. இரண்டு நாள் ஈக்வலைசரோடு மல்லுக்கட்டினேன்.

பிறகு இரண்டு ஐஆர்களையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிப்பன் மைக் சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி நின்றிருக்க வேண்டும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். 5 சென்டிமீட்டருக்கு 0.15 மில்லிநொடி, அதாவது 7 புள்ளி. கொஞ்சம்தான். ஆனால் சுமார் 3,400 ஹெர்ட்ஸில் அது அரை அலை. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, கிடாரின் பல் இருக்கும் இடமே பள்ளமாகிறது என்று நினைத்தேன்.

ஏழு புள்ளி முன்னே நகர்த்தினேன். பல் முளைக்கவில்லை, சத்தம் இன்னும் மெலிந்தது. வயிறும் காலி. ஐஆர் கலப்பவர்கள் பலர் மூன்று நான்கு ஐஆர்களைச் சேர்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டே சரியாகச் சேராதபோது மூன்றாவது வந்து குழப்பத்தைப் பூசிமெழுகத்தான் செய்யும்.

அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஹெட்போனைக் கொடுத்தேன். அரை நிமிஷம் கேட்டார். திரையில் இருந்த இரண்டு கோடுகளைப் பார்த்து, "இதுல கோன் எந்தப் பக்கம் நகருது?" என்றார்.

ஒன்றின் முதல் முனை மேலே எழும்பியிருந்தது. இன்னொன்றின் முதல் முனை கீழே இறங்கியிருந்தது. தலைகீழாக்கும் பட்டனைக் காட்டினேன். அவரே அழுத்தினார்.