ஸ்டோமாவை மூடும் நாள்: கீமோதெரபிக்கு நடுவிலா, பின்னரா?

சினைப்பைப் புற்றுநோயை முழுமையாக அகற்றும்போது மலக்குடலின் ஒரு பகுதியையும் வெட்டி இணைக்க வேண்டிவருவதுண்டு. அந்த இணைப்பு ஆறும்வரை மலம் அதன் வழியே போகாதிருக்க, சிறுகுடலின் ஒரு வளையத்தை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தற்காலிக ஸ்டோமா வைப்பார்கள். அதை மூடும் அறுவையைக் கீமோதெரபி முடியும்வரை தள்ளிவைப்பதே பரவலான வழக்கம். பொது விதியாக அதில் தவறில்லை. ஆனால் ஸ்டோமாவே கீமோதெரபியைக் கெடுக்கத் தொடங்கிவிட்டால், காத்திருப்பதையே பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அது கெடுக்கும் விதத்தைக் கணக்கிலேயே காட்டலாம். ஸ்டோமா வழியே நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போகும் பெண்ணுக்குக் குடிக்கும் நீர் ஈடுகொடுப்பதில்லை. சிறுநீரக வடிதிறன் ஏறி இறங்கும். கார்போபிளாட்டின் அளவோ அந்த வடிதிறனை நம்பியே நிற்கிறது. கால்வெர்ட் சூத்திரப்படி, வடிதிறனோடு 25 கூட்டி, இலக்கு ஏயுசியால் (இரத்தத்தில் மருந்தின் மொத்த வெளிப்பாட்டு அளவால்) பெருக்க வேண்டும். வடிதிறன் 90, இலக்கு 5 என்றால் 575 மில்லிகிராம். மருந்து ஏறிய இரவே வாந்தியும் ஸ்டோமாப் போக்கும் சேர்ந்து வடிதிறனை 50-க்கு இறக்கிவிட்டால், அதே 575 மில்லிகிராம் ஏறத்தாழ 7.7 ஏயுசி அளவுக்கு வேலைசெய்யும். தட்டணுக்கள் சரியும், அடுத்த சுற்று தள்ளிப்போகும். கேஸ் ஷீட்டில் 'மருந்தின் நச்சுவிளைவு' என்று பதிவாகும்; ஸ்டோமாவின் பெயர் அடிபடுவதே அபூர்வம்.

நடுவில் அறுவை செய்தால் சுற்று தவறாதா என்பது நியாயமான கேள்வி. தவறும், சில வாரங்களாவது. எவ்வளவு சிகிச்சை பாக்கி என்பதைப் பொறுத்தே அந்த இழப்பை எடைபோட வேண்டும். மூன்று சுற்றுக்குப் பின் புற்றுநோய் அறுவை செய்துகொண்டவருக்குப் பெரும்பாலும் மூன்று சுற்றுகளே மிச்சம். லோபரமைடு, உப்புக்கரைசல், நரம்புவழி திரவம் என்று ஒப்பேற்றிவிடலாம். முதலிலேயே அறுவை செய்துகொண்டவர் மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு சுற்று, அதாவது 18 வாரம் ஓட்ட வேண்டும். இரண்டாம் சுற்றிலேயே அவர் நீரிழப்பால் திரும்பத் திரும்ப வார்டில் சேர்ந்தால், தவறவிருப்பது ஒரு சுற்றோடு நிற்காது.

இன்னும் சீக்கிரமே மூடலாமே என்போர் ஈஸி ஆய்வைக் காட்டுவர். மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் 8 முதல் 13 நாளுக்குள் மூடியவர்களுக்குச் சிக்கல் குறைந்தது என்றது அது. அதை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. அதில் சேர்ந்தவர்கள் சிக்கலின்றித் தேறியவர்கள். மகோதரத்தால் ஆல்புமின் வற்றி, வயிற்று உறையும் உரிக்கப்பட்ட சினைப்பை நோயாளி அவர்களோடு ஒப்பிடத் தக்கவரல்ல. எனவே இணைப்பில் கசிவில்லை என்பதைக் கான்ட்ராஸ்ட் எனிமா காட்டி, ஆல்புமின் தேறி, சுற்றின் மூன்றாம் வாரக் கடைசியில் நியூட்ரோஃபில்களும் தட்டணுக்களும் மீண்ட பிறகே நடுவில் மூடலாம். பெருங்குடலின் முனை ஸ்டோமாவுக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே நீரிழப்பு சொற்பம்; மீட்பதற்கோ வயிற்றையே மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

கீமோதெரபி முடியட்டும் என்று காத்திருப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீமோதெரபியோடு பெவாசிசுமாப் மருந்தும் சேர்ந்தால் ஜிஓஜி 218 ஆய்வின் முறையில் சிகிச்சை 15 மாதம்வரை நீளும். அவசரமில்லாத அறுவைக்குக் குறைந்தது 28 நாள் முன்பே அம்மருந்தை நிறுத்த வேண்டும். பெரிய அறுவை என்றால் அதன்பின்னும் 28 நாள் கழிந்து, காயம் ஆறியிருந்தால்தான் தொடரலாம். ஆகவே மூடும் வாரத்தைப் பெவாசிசுமாபின் முதல் டோஸுக்கு முன்பே டியூமர் போர்டு குறித்துவைக்க வேண்டும்.