மலைநாட்டு மக்கள் – 9: நன்யேஹி துரோகியா?

இந்த வாரம் நியூ எகோட்டா ஒப்பந்தத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் நுழையுமுன் ஒரு வழக்கைத் தீர்த்துவிட வேண்டும். செரோக்கிப் போர்த் தலைவர் டிராகிங் கனூவின் போரைப் படித்தவர்களுக்கு அதில் ஒரு பெயர் முள்ளாக உறுத்தியிருக்கும். 1776 ஜூலையில் செரோக்கி வீரர்கள் வட்டாகா ஆற்றுக் குடியிருப்புகளைத் தாக்கக் கிளம்புவதற்கு முன்பே, வியாபாரிகள் மூலம் வெள்ளையருக்குத் தகவல் போய்விட்டது. அனுப்பியவர் நன்யேஹி. வெள்ளையர் ஏட்டில் நேன்சி வார்ட். குடியேறிகளின் பரம்பரை அதற்காகவே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அதே காரணத்துக்காக அவரைத் துரோகி என்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் அவர் எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்பதை மறந்துவிட்டுப் பேசுகின்றன. தன் சமூகம் கையில் கொடுத்திருந்த அதிகாரத்தைத்தான் நன்யேஹி பயன்படுத்தினார் என்பது என் கட்சி.

அந்த அதிகாரத்தின் வேர் குலத்தில் இருக்கிறது. செரோக்கிகளின் ஏழு குலங்களில் ஒன்றான ஓநாய்க் குலத்தில், லிட்டில் டென்னசி ஆற்றங்கரைச் சோட்டாவில், 1738 வாக்கில் பிறந்தவர் அவர். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். தகப்பன் அன்பு காட்டலாம். கண்டித்து வளர்க்கும் உரிமை தாய்மாமனுக்கே. கல்யாணமான ஆண் மனைவி வீட்டுக்குக் குடிபோவான். ஒத்துவராவிட்டால் கிளம்ப வேண்டியவனும் அவனே. மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் விளைந்த வயல்கள் பெண்களின் பொறுப்பு. இந்த ஏற்பாடு எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதற்கு நன்யேஹியின் மாமன் அட்டகுல்லகுல்லாவே சாட்சி. 1730-ல் லண்டன் போய் இரண்டாம் ஜார்ஜ் மன்னரைப் பார்த்து வந்தவர் அவர். சார்லஸ் டவுனில் ஆங்கிலேயருடன் பேச உட்கார்ந்தபோது, உங்கள் சபையில் பெண்களையே காணோமே என்று வியந்து கேட்டார். பெண் இல்லாத சபை அவருக்கு ஒரு சபையாகவே படவில்லை.

இனி தாலிவா. 1755-ல் இன்றைய வட ஜார்ஜியாவில், அண்டை இனமான மஸ்கோகிகளுக்கு எதிராக செரோக்கித் தலைவர் ஒகோனோஸ்டோட்டா நடத்திய போர். நன்யேஹிக்குப் பதினேழு வயதிருக்கும்; கையில் இரண்டு பிள்ளைகள். விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் கணவர் கிங்ஃபிஷர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஈயக் குண்டுகளைப் பல்லால் கடித்துக் கடித்துக் கொடுத்தார் என்கிறது செரோக்கி மரபு. சொரசொரப்பான குண்டு சதையைக் கிழித்துக்கொண்டு போகும். கணவர் சுடப்பட்டுச் சாய்ந்ததும் அதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கலைய இருந்த கூட்டம் அவர் பின்னால் திரண்டது, மஸ்கோகிகள் ஓடினார்கள். அந்த வெற்றிதான் அவருக்குக் கிகாவ் என்ற பட்டத்தைத் தந்தது: மக்களின் பேரன்புக்குரியவள். அது வெறும் அலங்காரப் பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 1761-62-ல் இந்த ஊர்களில் தங்கியிருந்த வர்ஜீனியா அதிகாரி ஹென்றி டிம்பர்லேக் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்: சபை மரண தண்டனை விதித்துக் கம்பத்தில் கட்டிவிட்ட கைதியைக்கூட, இத்தகைய பெண்கள் அன்னச் சிறகு ஒன்றை அசைத்து விடுவித்துவிட முடியும். இதை அவர் எழுதியது வட்டாகா தாக்குதலுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. எனவே 1776-ல் டோக்வா ஊரில் எரிக்கப்பட இருந்த லிடியா பீன் என்ற குடியேறிப் பெண்ணை நன்யேஹி மீட்டுத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனபோது, ஊர் வழக்கத்தை மீறவில்லை. ஊர் வழக்கமே அதுதான்.

கைதியை விடுவிப்பது வேறு, எதிரிக்குத் துப்புச் சொல்வது வேறு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எதிரி யார் என்று அன்று தீர்மானித்தது யார்? வடக்கேயிருந்து வந்த பழங்குடித் தூதர்கள் சோட்டாவில் போருக்கு அழைக்கும் மணிப்பட்டையை நீட்டியபோது வாங்கிக்கொண்டவர் டிராகிங் கனூ; மூத்தவர்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். செரோக்கி சபையில் ஒருமித்த சம்மதம் இல்லாத முடிவு யாரையும் கட்டாது. உடன்படாதவர் விலகிப் போகலாம். டிராகிங் கனூவே இந்த உரிமையைத்தான் மறுவருஷம் கையில் எடுத்தார். மூத்தவர்கள் அமெரிக்கருடன் சமாதானம் பேசி நிலத்தை விட்டுக்கொடுத்ததும், தன் ஆட்களோடு சிக்கமாகா ஓடைப் பக்கம் போய்ப் போரைத் தொடர்ந்தார். சபையை மீறிப் போர் செய்தவரை வீரர் என்றும், சபை ஏற்காத போரைத் தடுக்கப் பார்த்தவரைத் துரோகி என்றும் அழைப்பது ஒரே தராசில் இரண்டு படிக்கல் போடுவது. டிராகிங் கனூவை நான் குறைத்துப் பேசவில்லை. நிலம் போனால் எல்லாம் போகும் என்று முதலில் கண்டவர் அவர். ஆனால் அந்தப் போர் என்ன கொண்டுவரும் என்று கண்டவர் நன்யேஹி. 1776 இலையுதிர் காலத்தில் வர்ஜீனியாவிலிருந்தும் இரு கரோலினாக்களிலிருந்தும் படைகள் வந்து, ஊர் ஊராக வீடுகளையும் குதிரில் இருந்த சோளத்தையும் கொளுத்தின. அவர் சொல்லியனுப்பிய தகவலால் செரோக்கி வீரர்கள் சிலர் உயிரிழந்திருப்பார்கள். அந்தக் கணக்கை மறைக்க முடியாது. ஆயினும் அந்தப் படைகள் வந்தது அவர் தகவலால் அல்ல.

வேறொரு குற்றச்சாட்டு இருக்கிறது; அதற்கு என்னிடம் பதில் கிடையாது. நன்யேஹி கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார். உயிர்ப்பிச்சை கொடுக்கும் அதிகாரம் படைத்தவர் இன்னொருவரின் உழைப்பையும் உடலையும் சொத்தாக வைத்திருந்ததற்குக் காலத்தைக் காரணம் காட்டி அவரைத் தப்பவைக்க நான் தயாரில்லை. பெண்கள் ஆண்ட பொற்காலம் என்று செரோக்கி நாட்டை வர்ணிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தலைவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஆனால் நிலத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் தாய்களின் சொல்லுக்கு எடை இருந்தது என்பது வேறு விஷயம், உண்மையான விஷயம்.

அந்த எடை எப்படிக் கரைந்தது? அமெரிக்க அரசு ஆண்களோடு மட்டுமே பேசியது. செரோக்கித் தலைவர்களும் மெல்ல அந்த அச்சிலேயே தங்கள் அரசை வார்த்தார்கள். 1808-ல் வந்த சட்டம் தகப்பன் சொத்துக்குப் பிள்ளைகளை வாரிசாக்கியது. 1825-ல் செரோக்கி ஆணுக்கும் வெள்ளைக்காரிக்கும் பிறந்த பிள்ளைகள் குடிமக்களாக ஏற்கப்பட்டார்கள். குலம் தாய்வழியே மட்டும் என்ற பழைய வேலியில் அது பெரிய உடைப்பு. 1827 அரசியல் சாசனம் வாக்குரிமையைச் சுதந்திரமான ஆண்களுக்கு மட்டும் தந்தது. ‘நாகரிகமடைந்துவிட்டோம்’ என்று காட்டினால் நிலம் தப்பும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

துரோகி என்பவர்கள் 1817 மே மாதத்து விண்ணப்பத்தைப் படிக்க வேண்டும். எழுபதைக் கடந்து, சபைக்கு நடந்துபோக முடியாத நிலையில், மற்றப் பெண்களோடு சேர்ந்து நன்யேஹி அனுப்பியது. உங்களைப் பெற்று இந்த மண்ணில் வளர்த்தவர்கள் நாங்கள். இனி ஒரு துண்டு நிலமும் கொடுக்காதீர்கள். பண்ணைகளைப் பெருக்குங்கள், சோளமும் பருத்தியும் பயிரிடுங்கள், உடையை நாங்கள் செய்து தருகிறோம். இதுதான் அதன் சாரம். நாற்பது வருஷத்துக்கு முன் டிராகிங் கனூ சொன்னதும் இதுவே, வாய்தான் வேறு. இரண்டே மாதத்தில், ஜூலை 8 அன்று, அமெரிக்க அரசுக்காக ஆண்ட்ரூ ஜாக்சன் உட்கார்ந்து பேசிய ஒப்பந்தத்தில் நிலம் மறுபடியும் கைமாறியது. 1819-ல் இன்னும் போயிற்று. அவர் பிறந்த சோட்டா செரோக்கிகள் கையைவிட்டுப் போனபின், ஒகோயி ஆற்றுப் பக்கம் குடிபெயர்ந்து 1822 வாக்கில் நன்யேஹி காலமானார்.

தாய்களின் சொல்லுக்கு அந்த எடை இருந்திருந்தால் ஜாக்சனைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. துப்பாக்கி அவர் பக்கம் இருந்தது. ஜார்ஜியாவின் பேராசையும் அவர் பக்கம் இருந்தது. ஆனால் 1835 டிசம்பர் 29 அன்று, நியூ எகோட்டா ஒப்பந்தத்தில், மிசிசிப்பிக்குக் கிழக்கே மிச்சமிருந்த நிலம் முழுவதையும் 50 லட்சம் டாலருக்கு எழுதிக் கொடுத்த கைகளில் ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. அதில் குறியிட்டவர்களில் ஒருவர் மேஜர் ரிட்ஜ். நிலம் விற்ற குற்றத்துக்காக 1807-ல் செரோக்கித் தலைவர் டபிள்ஹெட்டைக் கொன்றவர்களில் அவரும் ஒருவர். அவர் எப்படி அந்த மேஜைக்கு வந்து சேர்ந்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)