லேபிளில் 1887 என்று இருந்தால் வயது அதுதானா?

பழைய ஜப்பான் மாண்டலின் விற்கிறவர்கள் அடிக்கடி சொல்வது இது: "உள்ளே 1887னு போட்டிருக்கு, பாருங்க." விலையும் அதற்கேற்ப ஏறிவிடும். இன்றைக்கு அந்த எண்ணைத்தான் பார்க்கப் போகிறேன்.

1887, சுசுகி மசாகிச்சி நகோயாவில் முதல் வயலினைச் செய்த வருஷம். சுசுகி முறை இசைக்கல்வியைத் தந்த ஷினிச்சியின் அப்பா இவர். கம்பெனி தொடங்கிய வருஷம் என்று அதை லேபிளில் அச்சடித்தார்கள். 1960கள், 70களில் செய்த மாண்டலினிலும் அதே 1887தான் இருக்கும்.

அப்போ வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாட்டின் பெயரைப் பாருங்க. அமெரிக்காவுக்குப் போகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்க வேண்டும் என்பது 1890ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் 'நிப்பான்' என்று போட்டார்கள். 1921ல் அமெரிக்கச் சுங்கத்துறை அது செல்லாது, 'ஜப்பான்' என்றே இருக்கணும் என்றது. 'ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால் அது போரில் தோற்ற நாடு அந்நியப் படையின் கீழ் இருந்த காலம். 1952 ஏப்ரலில் அது முடிந்தது.

ஜப்பானிய எழுத்து வலமிருந்து இடமாக ஓடினால் பெரும்பாலும் போருக்கு முந்தையது. ஷோவா ஆண்டு போட்டிருந்தால் 1925ஐக் கூட்டுங்க. ஷோவா 41 என்றால் 1966.

சரி, விலை? வயதை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது. மாண்டலின் ஜப்பானில் அபூர்வப் பொருளும் இல்லை. கெய்யோ பல்கலைக்கழக மாண்டலின் கிளப் 1910லேயே தொடங்கிவிட்டது. இத்தாலிய மேதை ரஃபாயேலே கலாச்சே 1920களில் அங்கே போய் வாசித்தார். மாணவர்களுக்காக ஏராளமாகச் செய்தார்கள்.

அதனால் நான் முதலில் பார்ப்பது மரத்தை. ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்க. மேலே தெரியும் மர ரேகை கனத்திலும் அப்படியே தொடர்ந்தால் ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை, விலை குறைவு. அடுத்தது கழுத்து. எட்டுக் கம்பியின் இழுப்பில் அது வளைந்திருந்தால், சரிசெய்கிற செலவு மாண்டலின் விலையையே தாண்டிவிடலாம். கடைசியாக, விற்கிறவர் கேட்கும் விலையை விடுங்க. அதே மாடல் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்க.

1887ஐ நம்பி வாங்குகிறவர் காசை இழக்கிறார். 'வெறும் 1966தானே' என்று நல்ல ஒற்றைப்பலகை மாண்டலினைத் தள்ளிவிடுகிறவர் இழப்பதும் குறைவில்லை.