திவவு, பிரடை, கிட்டார் கீ: தொண்டை நாட்டில் ஒரு சுருதிப் பிரச்சினை

என்னிடம் ஒரு பழைய டெலிகாஸ்டர் பாணி கிட்டார் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடச் சம்பளத்தில் வாங்கியது. விலை உயர்ந்தது ஒன்றுமில்லை. செங்கல்பட்டு வீட்டில் வாசித்தால் ஓரளவு சுருதியில் நிற்கும். மாமல்லபுரம் பக்கம் நண்பர்கள் சேரும் இடத்துக்கு எடுத்துப் போனால் அரை மணி நேரத்தில் ஜி கம்பி இறங்கிவிடும். போன மாதம் ஒரு கடையில் காட்டினேன். "கீ போச்சு சார். ஆறையும் மாத்திடுங்க, லாக்கிங் டைப் போட்டுடலாம்." சொன்ன தொகை, கிட்டார் வாங்கிய விலையில் பாதிக்கு மேல். அது கூடப் பரவாயில்லை. புதுக் கீ உட்கார தலைப்பகுதியில் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும், புது ஸ்க்ரூ துளை போட வேண்டும் என்றார். இருபது வருடம் கூட இருந்த மரம். துளை போட்டால் போட்டதுதான். யோசிச்சு சொல்றேன்னு எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

யோசிப்பது என்றால் எனக்குப் பழைய புத்தகத்தைப் புரட்டுவது. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் வந்தது.

இதே கடற்கரையில் கம்பியை (அப்போது நரம்பை) முறுக்கிச் சுருதி சேர்த்தவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு நூலே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசு பெற்ற ஒரு பெரும்பாணன், காஞ்சியில் ஆளும் தொண்டைமான் இளந்திரையனிடம் போகச் சொல்லி இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழியில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது. கப்பல்களுக்கு இரவில் வழிகாட்டும் விளக்கு எரியும் உயர்ந்த மாடம் வருகிறது. அந்த நீர்ப்பெயற்று மாமல்லபுரம்தான் என்று சிலர், பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரம் என்று சிலர். எதுவானாலும் நம்ம ஊர்தான், ஈசிஆரில் கொஞ்ச நேரப் பயணம்.

நான் சொல்ல வந்தது துறைமுகத்தை அல்ல. நூல் தொடங்கிய உடனேயே பேரியாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதில் திவவு வருகிறது. யாழின் வளைந்த தண்டில் நரம்பின் மேல்முனையை இழுத்துக் கட்டும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். அதைக் கட்டைப் பக்கம் தள்ளியோ திருகியோ இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். தண்டில் வரிசையாக இருக்கும் அந்தக் கட்டுகளைப் புலவர் ஒரு பெண்ணின் முன்கையில் அடுக்கிய சின்ன வளையல்களுக்கு ஒப்பிடுகிறார். அதோடு விடவில்லை. அது நெகிழும், இறுகும் என்பதையும் அடைமொழியிலேயே சொல்லிவிடுகிறார். கருவியைக் கையில் வைத்துப் பார்த்தவர்தான் இதை எழுத முடியும் என்று எனக்குத் தோன்றும். இன்றைய வார்த்தையில் சொன்னால், அது பேரியாழின் கீ.

பேரியாழுக்கு 21 நரம்பு என்பது உரை மரபு. வெறும் உராய்வில் நிற்கும் 21 கட்டு. நரம்போ ஈரக் காற்றில் ஊறி, வெயிலில் காயும் பொருள். இந்தக் கடற்கரைக் காற்றில் அந்தப் பாணர் பாட்டைவிட அதிக நேரம் சுருதிதான் சேர்த்திருப்பார் போல!

இங்கேதான் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் வருகிறது. "யாழ் ஏன் அழிந்தது? சுருதி நிற்காது, அதனால் வீணை வந்துவிட்டது." நானும் பல வருடம் இதை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நம்பவில்லை.

காரணம் பர்மா. அங்கே சவுங் என்ற வளைந்த யாழ் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. படகு மாதிரி உடல், மேலே வளைந்து எழும் தண்டு, தண்டைச் சுற்றிச் சிவப்புக் கயிற்றுக் கட்டுகள். நம் திவவு நேரில் வந்து நிற்பது போல இருக்கும். பல நூற்றாண்டுகள் அந்தக் கயிற்றுக் கட்டை முறுக்கியே சுருதி சேர்த்தார்கள். அண்மைக் காலத்தில் சிலர் அதை எடுத்துவிட்டு முறுக்காணியும், கிட்டார் கீயும் பொருத்திக்கொள்கிறார்கள். அதாவது சுருதி நிற்கவில்லை என்றால் மனிதன் கருவியைத் தூக்கிப் போடுவதில்லை, கீயை மாற்றிக்கொள்கிறான். நம்மிடமும் அதற்கான யோசனை இல்லாமல் இல்லை. மாடகம் என்ற சொல்லுக்கு யாழ் முறுக்காணி என்றே அகராதி பொருள் தருகிறது.

என் கணிப்பில் யாழ் தோற்றது வேறு இடத்தில். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பண் மாறினால் நரம்புகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போக முடியாது. தண்டு வீணையில் ஒரே கம்பியில் எல்லாச் சுரமும் கிடைக்கிறது, கமகமும் கிடைக்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தன் தன் பொற்காசில் மடியில் வளைந்த யாழோடுதான் உட்கார்ந்திருக்கிறான். 7-ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பெரும்பாறைக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். கின்னர ஜோடிகளில் ஆண் கையில் இருப்பது மார்போடு சாய்த்துப் பிடித்த தண்டு வீணை. பெண் கையில் தாளம். நான் போன ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அந்தக் கின்னரனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எல்லோரும் தவம் செய்யும் பூனையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாணனின் ஊரில், சில நூற்றாண்டு கழித்து, கல்லில் வேறு கருவி ஏறிவிட்டது. ஆனால் குற்றம் திவவின் மேல் இல்லை.

விஸ்வநாதன் சாலையோ வியன்னாவோ, கீயின் கதையில் அடுத்த பெரிய மாற்றம் பல்சக்கரம். நம் தஞ்சாவூர் வீணையில் இருப்பது பிரடை. மரத் துளையில் மரக்குச்சி. நிற்பது முழுக்க உராய்வால். மழைக்காலத்தில் மரம் ஊதிப் பிடித்துக்கொள்ளும், வறண்ட காற்றில் சுருங்கி வழுக்கும். வழுக்கினால் சாக்பீஸ் தேய்ப்பார்கள். நுண்ணிய சுருதிக்கு அந்தக் கோடியில், நாகபாசம் பக்கத்தில், லங்கரில் வளையத்தை நகர்த்துவார்கள். இந்த ஏற்பாட்டிலேயே கச்சேரி உலகம் ஓடியது.

ஐரோப்பாவில் கிட்டாருக்கும் முதலில் மரக்குச்சிதான். வியன்னாவின் யோஹான் கேயார்க் ஸ்டாஃபர் 1820-களில் செய்த கிட்டார்களில் ஆறு கீயும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக, பல்சக்கரத்தோடு இருக்கும். அவரிடம் தொழில் கற்ற சி.எஃப். மார்ட்டின் 1833-இல் அமெரிக்கா போனார். 1950-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்து, பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிட்டாரிலும் அதே ஒரு பக்க வரிசை.

இந்தக் கீக்குள்ளே இருப்பது வார்ம் கியர். திருகு, பல்சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரம் திருகைத் திருப்பிச் சுழற்ற முடியாது. நாம் பட்டனைத் திருப்பினால்தான் அச்சு நகரும். கம்பி எவ்வளவு இழுத்தாலும் அச்சு தானாகத் திரும்பாது. திவவுக்கும் பிரடைக்கும் இல்லாத குணம் இது. உராய்வுக் கருவிகளுக்கு நியாயமாக இருந்த குற்றச்சாட்டை நாம் பழக்கத்தில் வார்ம் கியர் மேலும் சுமத்துகிறோம். கை போய்த் தொடும் இடம் அதுதானே, அதனால் பழியும் அங்கே.

சரி, என் கிட்டாருக்கு வருவோம். சோதனை எளிது. ஒவ்வொரு கீயின் அச்சிலும் அதைச் சுற்றியுள்ள வளையத்திலும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போட்டேன். சுருதி சேர்த்து, ஒரு மணி நேரம் நன்றாக இழுத்து வாசித்தேன். ஜி கம்பி வழக்கம்போல இறங்கியது. கோடு? ஆறிலும் இம்மி நகரவில்லை.

அப்படியானால் கம்பி எங்கே தளர்கிறது? கழுத்து முடியும் இடத்தில் கம்பிகள் தாண்டிப் போகும் சின்னப் பட்டை இருக்குல்ல, அதற்கு நட் என்று பெயர். ஜி கம்பியை இழுத்து வாசித்து விட்டபின் சுருதி கீழே நின்றது. நட்டுக்குப் பின்னால், கீ பக்கத்துக் கம்பியை விரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். சுருதி திரும்ப மேலே ஏறியது. கம்பி நட் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வராமல் நின்றிருக்கிறது. முன்பு ஒரு முறை தடித்த கம்பி செட்டுக்கு மாறியது நினைவுக்கு வந்தது. பள்ளம் பழைய அளவிலேயே இருந்தது.

சிறு கணக்கு. ஒரு கம்பியின் இழுவிசை 1 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் அரை சதவீதம் குறையும். ஒரு அரைச்சுரத்தை 100 சென்டாகப் பிரித்தால், இது சுமார் 8.6 சென்ட். ஜி கம்பியில் சுமார் ஏழரைக் கிலோ இழுவை. அதில் 75 கிராம் மாறினாலே காதுக்குத் தெரியும். நட்டில் கொஞ்சம் சிக்கினால் போதும்.

கடற்கரையில் மட்டும் ஏன் மோசம்? ஏசி காரில் 24 டிகிரியில் வந்த கிட்டாரை 32 டிகிரித் திண்ணையில் வைக்கிறேன். எஃகு நீளும், கழுத்து மரம் அவ்வளவு நீளாது. 0.017 அங்குல வெறும் எஃகுக் கம்பியான ஜி, டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டரை சென்ட் இறங்கும் என்று என் கணக்கு வந்தது. எட்டு டிகிரிக்கு 20 சென்ட். மெல்லிய ஈ கம்பி ஏற்கெனவே அதிகம் நீட்டப்பட்டிருப்பதால் அதில் டிகிரிக்கு ஒரு சென்டுக்கும் குறைவு. ஆறு கம்பியும் ஒரே அளவில் இறங்கினால் தனியாக வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது. ஜி மட்டும் தனியாக விழுவதால்தான் இத்தனை ரகளை.

ஃப்ளாய்ட் ரோஸ் இதை எப்போதோ பிடித்துவிட்டார். 1979-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அவருடைய ஏற்பாட்டில் கம்பி நட்டிலேயே இறுக்கிப் பூட்டப்படும். அதற்குப் பின்னால் எந்தக் கீ இருந்தாலும் ஒன்றுதான்.

கீயை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டனைத் திருப்பும்போது தொடக்கத்தில் அச்சு அசையாமல் வெற்றுச் சுற்று சுற்றினால், அச்சு ஆடினால், உப்புக்காற்றில் பல் அரித்துப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். லாக்கிங் கீயில் கம்பி மாற்றுவது சுலபம், அச்சில் சுற்று குறைவதால் தளர்ச்சியும் குறையும். ஆனால் நட்டில் சிக்கும் கம்பிக்கு அது மருந்தில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் வீணை வாசிப்பவர். முழுவதும் கேட்டுவிட்டு, "பிரடைக்குப் பக்கத்துல கம்பி தாண்டுற எடத்த மொதல்ல பார்க்கணும்டா, இதுக்கா மாமல்லபுரம் வரைக்கும் போன?" என்றார்.

ஜி கம்பியைக் கழற்றி, பள்ளத்தை மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து அகலப்படுத்தி, 4பி பென்சில் தூளைத் தடவினேன். கம்பியைத் திரும்பப் போட்டதும் கையால் நன்றாக இழுத்து இழுத்து விட்டேன். போன சனிக்கிழமை கடற்கரைத் திண்ணையில் வாசிக்கும் முன் கிட்டாரை இருபது நிமிடம் பையைத் திறந்து வெளியில் வைத்திருந்தேன். இரண்டு மணி நேரத்தில் ஜி கம்பியை ஒரே ஒரு முறை தொட்டேன். மார்க்கர் கோடுகள் இன்னும் அழியாமல் அப்படியே இருக்கின்றன.