ஏப்ரல் முதல் ஜூன் வரை: செம்மண் ஆடுகளத்தில் ரஃபேல் நடால்

டென்னிஸ் நாட்காட்டியில் ஐரோப்பியக் களிமண் தரைப் பருவம் ஏப்ரலில் மான்டி கார்லோவில் சூடுபிடிக்கும். பார்சிலோனா, மாட்ரிட், ரோம் என்று நகர்ந்து, ஜூன் தொடக்கத்தில் பாரிஸின் பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டத்தோடு அதன் முக்கியப் பகுதி முடிந்துவிடும். இரண்டு மாதம்தான். ஆனால் இந்த இரண்டு மாதங்களில் ஒரு வீரரின் கால், தோள், பொறுமை மூன்றும் சோதிக்கப்படுவதுபோல் ஆண்டின் வேறெந்தப் பகுதியிலும் சோதிக்கப்படுவதில்லை. ஸ்பெயினின் ரஃபேல் நடால் 2005 முதல் 2022 வரை பாரிஸில் 14 முறை பட்டம் வென்றார். அந்த எண்ணைப் பார்த்தால் எல்லா ஆண்டும் ஒன்றுபோல் ஓடியதாகத் தோன்றும். உண்மையில் பாரிஸுக்கு முந்தைய வாரங்கள் அவருக்கு ஆண்டுக்கு ஆண்டு வேறுபட்டன. சில ஆண்டுகளில் அவர் தோற்றே அங்கு வந்து சேர்ந்தார்.

இந்தத் தரையின் கதை பிரான்ஸின் தென்கடற்கரையில் தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. 1880களில் கான் நகரில் குளிர்காலத்தைக் கழித்த ஆங்கிலேய ரென்ஷா சகோதரர்கள், வெயிலில் கருகிய புல்தரையைக் காக்க, மண்பாண்டங்களுக்குப் பேர்போன பக்கத்து ஊரான வலோரிஸிலிருந்து சுட்ட மண்ணின் தூளை வரவழைத்துத் தூவினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்றைய பாரிஸ் ஆடுகளத்திலும் களிமண் என்று எதுவும் இல்லை. அடியில் கல், அதன்மேல் சரளை, அதற்கும் மேல் நிலக்கரிக் கசடு, பிறகு பொடித்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் தூவப்படும் செங்கல் தூள் மட்டுமே.

அந்த மெல்லிய தூள்தான் ஆட்டத்தை மாற்றுகிறது. பந்து தரையைத் தொடும்போது உராய்வு மிகுவதால் வேகம் குறைகிறது, எழும்பும் உயரம் கூடுகிறது. புல்தரையில் ஒரே அடியில் புள்ளி ஈட்டித் தரும் சர்வீஸ், இங்கே எதிராளி திருப்பி அடிக்கும் பந்தாகிவிடும். வீரர் ஓடிவந்து நிற்காமல் சறுக்கியபடியே அடிக்கக் கற்றிருக்க வேண்டும். வானிலைக்கும் பங்குண்டு: வெயில் காய்ந்தால் பந்து துள்ளும், ஈரம் ஏறினால் கனத்துத் தாழும். பந்து விழுந்த தடம் மண்ணில் பதிவதால், நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது இத்தரைக்கே உரிய வழக்கம். பல போட்டிகள் மின்னணுக் கருவிகளுக்கு மாறிய பின்னும் பாரிஸ் 2025இலும் கோட்டு நடுவர்களையே வைத்திருந்தது.

பருவத்தின் போட்டிகள் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. மான்டி கார்லோ போட்டி 1897இல் தொடங்கியது. இத்தாலியப் போட்டி 1930இல் மிலானில் தொடங்கி 1935இல் ரோமுக்குப் போனது. பார்சிலோனா போட்டி 1953இல் வந்தது. மாட்ரிட் மிகவும் பிந்தியது; ஹாம்பர்க் வகித்த இடத்தை அது 2009இல்தான் பெற்றது. பிரெஞ்சு ஓபன் நடக்கும் பாரிஸின் ரோலண்ட் கேரோஸ் அரங்கம் எழுந்ததற்குக் காரணம் நாட்டு அணிகள் மோதும் டேவிஸ் கோப்பை. 1927இல் போரோட்ரா, புருன்யோன், கோஷே, லாகோஸ்ட் ஆகிய பிரெஞ்சு நால்வர் அணி அமெரிக்காவிடமிருந்து கோப்பையைப் பறித்துவந்தது. மறு ஆண்டு அதைச் சொந்த மண்ணில் காத்துக்கொள்ளத் தகுந்த அரங்கம் தேவைப்பட்டது. 1913இல் மத்தியதரைக் கடலை விமானத்தில் கடந்து, முதல் உலகப் போரில் இறந்த விமானியின் பெயர் அதற்கு இடப்பட்டது.

நடாலுக்கு முன்பும் இத்தரையை ஆண்டவர்கள் உண்டு. ஸ்வீடனின் பியோன் போர்க் 1974க்கும் 1981க்கும் இடையில் ஆறு முறை பாரிஸில் வென்றார். அங்கே அவரைத் தோற்கடித்தவர் இத்தாலியின் அட்ரியானோ பனாட்டா ஒருவரே, அதுவும் இருமுறை. 1978இல் ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து போர்க் இழந்தவை 32 கேம்கள்தான். அர்ஜென்டினாவின் கில்லர்மோ விலாஸ் 1977இல் களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டங்கள் வென்றார். பந்தை விபரீதமாகச் சுழற்றும் 'ஸ்பெகட்டி' நரம்புப் பின்னல் கொண்ட ராக்கெட்டோடு வந்த நஸ்டாசேயிடம் அந்தத் தொடர் முடிந்தது. ஆஸ்திரியாவின் தாமஸ் முஸ்டர் 1995இல் இத்தரையில் 65 ஆட்டங்கள் வென்று இரண்டில் மட்டுமே தோற்றார். பெண்களில் கிறிஸ் எவர்ட் 1973 ஆகஸ்ட் முதல் 1979 மே வரை களிமண்ணில் வரிசையாக 125 ஆட்டங்கள் வென்றது எவரும் நெருங்காத சாதனை. மறுபுறம், உலகின் முதல் நிலையில் இருந்த பீட் சாம்ப்ராஸ் பாரிஸில் இறுதி ஆட்டத்தையே எட்டவில்லை. ஜான் மெக்கன்ரோ 1984இல் இறுதி ஆட்டத்தில் இரண்டு செட் முன்னிலையில் இருந்தும் லென்டிலிடம் தோற்றார். விம்பிள்டனைப் பலமுறை வென்ற இருவரும் இங்கே வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நடால் 1986 ஜூன் 3 அன்று மயோர்க்கா தீவின் மனகோரில் பிறந்தவர். சித்தப்பா டோனி நடாலே நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்தார். எழுதுவது வலக்கையால், டென்னிஸ் ஆடுவது இடக்கையால். ஆடுகளத்தில் இது பெரிய லாபம். அவருடைய ஃபோர்ஹேண்ட் பந்து கடும் டாப்ஸ்பின்னோடு விழுந்து, வலக்கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம் தோள் உயரத்துக்கு எழும். ஒற்றைக் கை பேக்ஹேண்ட் கொண்டவருக்கு அந்த உயரத்தில் பந்தை அடக்குவது பெரும்பாடு. ரோஜர் ஃபெடரர் பாரிஸில் நடாலிடம் ஆறு முறை தோற்றார்; அவற்றில் நான்கு இறுதி ஆட்டங்கள். திறமைக் குறைவு அதற்குக் காரணம் அல்ல. அந்த ஒரு கோணத்துக்கு அவரிடம் விடை இல்லாமற் போனதே பெருங்காரணம்.

2004இல் கால் எலும்பு முறிவால் பாரிஸைத் தவறவிட்ட நடால், 2005 வசந்தத்தில் வலென்சியாவில் இகோர் ஆந்த்ரேயெவிடம் தோற்றார். அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் களிமண்ணில் அவரை யாரும் வெல்லவில்லை. மான்டி கார்லோ, பார்சிலோனா, ரோம் மூன்றையும் வென்றார். ரோம் இறுதியில் கோரியாவை வீழ்த்த 5 மணி 14 நிமிடம் ஆயிற்று. பாரிஸ் அரையிறுதியில் தம் பத்தொன்பதாம் பிறந்த நாளன்று ஃபெடரரையும், இறுதியில் மரியானோ புவெர்ட்டாவையும் வென்றார். 2006 பிரெஞ்சு ஓபன் முதல் சுற்றில் விலாஸின் 53ஐத் தாண்டினார். அன்று எதிரே நின்றவர் ஸ்வீடனின் ராபின் சோடர்லிங். அந்தப் பெயர் பிறகு மீண்டும் வரும். வெற்றித் தொடர் 81ஐத் தொட்டபோது, 2007 மே மாதம் ஹாம்பர்க் இறுதியில் ஃபெடரர் 2-6, 6-2, 6-0 என்று அதை நிறுத்தினார். மூன்று வாரம் கழித்து பாரிஸ் இறுதியில் நடால் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். 2008 பாரிஸில் அவர் இழந்தவை 41 கேம்கள். இறுதி ஆட்டத்தில் ஃபெடரருக்குக் கிடைத்தவை நான்கு.

2009இல் வினை தொடங்கியது பாரிஸில் அல்ல, மாட்ரிட்டில். அங்கே அரையிறுதியில் நோவாக் ஜோகோவிச்சை வெல்ல நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆடினார். மறுநாள் இறுதியில் ஃபெடரரிடம் தோற்றார். முழங்கால் ஏற்கெனவே தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. பாரிஸ் நான்காம் சுற்றில் சோடர்லிங் பந்து எழும்பும் முன்பே முழு வேகத்தில் தட்டையாக அடித்து, நான்கு செட்டுகளில் அவரை வெளியேற்றினார். அதுவரை பாரிஸில் நடால் ஆடிய 31 ஆட்டங்களும் வெற்றி. அந்த ஆண்டு பட்டம் ஃபெடரருக்குப் போனது. விம்பிள்டனுக்கு நடால் வரவே இல்லை.

மறு ஆண்டு அவர் பார்சிலோனாவை விட்டுவிட்டார். உள்ளூர் மக்கள் எதிர்பார்க்கும் போட்டியைத் தவிர்ப்பது எளிய முடிவல்ல. ஆனால் உடம்பைக் காக்க அது உதவியது என்றே கொள்ள வேண்டும். மான்டி கார்லோ, ரோம், மாட்ரிட், பாரிஸ் நான்கையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் வீரர் ஆனார். 22 ஆட்டங்கள், 22 வெற்றிகள். பாரிஸ் இறுதியில் எதிராளி அதே சோடர்லிங். ஒரு செட்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்து வந்த இடர் ஜோகோவிச். இரட்டைக் கை பேக்ஹேண்டால் அவர் அந்த உயரப் பந்தை எளிதாக எதிர்கொண்டார். 2011இல் மாட்ரிட், ரோம் இறுதி ஆட்டங்கள் இரண்டிலும் நடாலை வென்றார். பாரிஸில் ஃபெடரர் அரையிறுதியில் ஜோகோவிச்சை அகற்றியதால் நடாலுக்கு அந்தச் சந்திப்பு தவிர்ந்தது. 2012இல் மாட்ரிட் அமைப்பாளர்கள் தொலைக்காட்சியில் பந்து தெளிவாகத் தெரியும் என்று தரைக்கு நீல நிறம் பூசினார்கள். வழுக்குகிறது என்று வீரர்கள் கொதித்தார்கள். நடால் மூன்றாம் சுற்றில் வெர்தாஸ்கோவிடம் தோற்றார். நீலம் ஒரே ஆண்டோடு ஒழிந்தது. அந்த ஆண்டின் பாரிஸ் இறுதி ஆட்டம் ஈரத் தரையின் இயல்புக்கு நல்ல சான்று. மழை வலுத்துப் பந்து கனத்ததும் ஜோகோவிச் தொடர்ந்து எட்டு கேம்கள் எடுத்தார். ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய், தரை காய்ந்ததும் நடால் முடித்துவைத்தார். 2013இல் மான்டி கார்லோவில் அவருடைய எட்டு ஆண்டு ஆதிக்கத்தை ஜோகோவிச் இறுதியில் உடைத்தார். பாரிஸ் அரையிறுதியில் நடால் ஐந்தாம் செட்டை 9-7 என்று வென்று பதிலளித்தார்.

2014இல் மான்டி கார்லோவிலும் பார்சிலோனாவிலும் காலிறுதியிலேயே தோற்றவர் பாரிஸில் ஒன்பதாம் பட்டம் பெற்றார். 2015இல் அந்த மாயம் பலிக்கவில்லை. பார்சிலோனாவில் ஃபோன்யீனி, ரோமில் வாவ்ரிங்கா என்று தோல்விகள் தொடர, பாரிஸ் காலிறுதியில் தம் 29ஆம் பிறந்த நாளன்று ஜோகோவிச்சிடம் நேர் செட்டுகளில் வீழ்ந்தார். 2016இல் மான்டி கார்லோவையும் பார்சிலோனாவையும் வென்று நல்ல நிலையில் வந்தவரை இடது மணிக்கட்டுக் காயம் மூன்றாம் சுற்றுக்கு முன் விலகவைத்தது. அவர் காலம் முடிந்தது என்று அப்போது பலரும் எழுதினார்கள்.

2017 தொடக்கத்திலிருந்து கார்லோஸ் மோயா பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். அவரும் மயோர்க்காக்காரர், 1998 பிரெஞ்சு ஓபன் சாம்பியன். சென்னை ஓபனை 2004, 2005 என இருமுறை வென்றவர் என்பதால் நுங்கம்பாக்கம் அரங்கின் ரசிகர்களுக்குப் புதியவர் அல்ல. 2008இல் அதே சென்னையில், அரையிறுதியில் மோயாவை நீண்ட போராட்டத்தில் வென்ற நடால், களைப்போடு இறுதியில் யூஷ்னியிடம் ஒரே ஒரு கேம் எடுத்துத் தோற்றார். மோயா வந்தபின் நடால் புள்ளிகளைச் சுருக்கமாக முடிப்பதில் கூடுதல் கவனம் செலுத்தினார். 2017 பருவத்தில் மான்டி கார்லோ, பார்சிலோனா, பாரிஸ் மூன்றிலும் பத்தாம் பட்டம் சேர்ந்தது. பாரிஸில் ஒரு செட்டும் இழக்கவில்லை. களிமண்ணில் தொடர்ந்து வென்ற செட்டுகளின் எண்ணிக்கை 2018இல் 50ஐத் தொட்டது.

2019தான் பருவத்தின் போக்கை வைத்து முடிவைக் கணிப்பவர்களுக்குச் சரியான பாடம். மான்டி கார்லோ அரையிறுதியில் ஃபோன்யீனி, பார்சிலோனாவில் தீம், மாட்ரிட்டில் சிட்சிபாஸ் என்று மூன்று அரையிறுதித் தோல்விகள். மே நடுப்பகுதிவரை ஒரு பட்டமும் இல்லை. பிறகு ரோம், உடனே பாரிஸ். ஐந்து செட் ஆட்டங்களில் அவரிடமிருந்து மூன்று செட்டுகளைப் பறிப்பது வேறு வேலை என்பதே இதற்கு எளிய விளக்கம். பாரிஸின் பெரிய மைய அரங்கில் கோட்டுக்குப் பின்னால் கிடைக்கும் தாராளமான இடமும் அவருக்கு உதவியது.

பெருந்தொற்றால் 2020 பருவம் இலையுதிர் காலத்துக்குப் போனது. குளிரில் பந்து எழும்பாது, நடாலுக்கு இது பாதகம் என்று கருதப்பட்டது. ரோமில் ஷ்வார்ட்ஸ்மனிடம் தோற்றதும் அதை உறுதிசெய்வதுபோல் இருந்தது. ஆனால் பாரிஸ் இறுதியில் ஜோகோவிச்சுக்கு எதிராக முதல் செட்டை 6-0 என்று எடுத்து, ஆட்டத்தையும் வென்றார். 2021 அரையிறுதியில் ஜோகோவிச் பழி தீர்த்தார். 2022இல் விலா எலும்புக் காயத்தால் மான்டி கார்லோவும் பார்சிலோனாவும் போயின. மாட்ரிட்டில் கார்லோஸ் அல்கராஸிடம் தோல்வி. ரோமில் நாள்பட்ட பாத நோயால் நொண்டியபடியே ஷபோவலோவிடம் தோற்றார். பாரிஸில் பாதத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசிகளோடு ஆடி, கேஸ்பர் ரூடை 6-3, 6-3, 6-0 என வீழ்த்தினார். அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

2023இல் இடுப்புக் காயத்தால் பருவம் முழுவதும் அவர் இல்லை. 2024இல் சீடிங் இன்றி வந்தவருக்கு பாரிஸ் முதல் சுற்றிலேயே அலெக்சாண்டர் ஸ்வெரேவ் எதிராளியாக வாய்த்தார். நேர் செட்டுகளில் ஆட்டம் முடிந்தது. சோடர்லிங், ஜோகோவிச் இருமுறை, ஸ்வெரேவ் என்று பாரிஸில் அவர் கண்ட தோல்விகள் நான்கு, வெற்றிகள் 112. அதே ஆண்டு நவம்பரில் டேவிஸ் கோப்பையோடு ஓய்வு பெற்றபோது, அவர் வென்ற 92 பட்டங்களில் 63 களிமண்ணில் கிடைத்தவை.

அதற்குள் பாரிஸ் பட்டம் மீண்டும் ஸ்பெயினுக்கே போயிருந்தது. 2024இல் வென்ற அல்கராஸ், 2025 பருவத்தில் மான்டி கார்லோவை வென்றார், பார்சிலோனா இறுதியில் ரூனேயிடம் தோற்றார், காயத்தால் மாட்ரிட்டைத் தவறவிட்டார், ரோமை வென்றார். பாரிஸ் இறுதியில் யானிக் சின்னருக்கு எதிராக மூன்று சாம்பியன்ஷிப் புள்ளிகளைத் தடுத்து, 5 மணி 29 நிமிட ஆட்டத்தில் பட்டத்தைத் தக்கவைத்தார். பிரெஞ்சு ஓபன் வரலாற்றில் அதைவிட நீண்ட இறுதி ஆட்டம் இல்லை.