கோயிலில் பிறந்த ‘மின்ட்’

பழைய நாணயமோ தபால்தலையோ ‘மின்ட் கண்டிஷன்’ என்று பெயர் வாங்கிவிட்டால் விலை ஏறிவிடும். தேய்மானம் இல்லாமல், வெளிவந்த நாளில் இருந்த நிலையிலேயே இருக்கிறது என்று பொருள். புதினாவையும் ஆங்கிலத்தில் மின்ட் என்பார்கள். அது வேறு வேர். இந்த மின்ட்டுக்குப் பூர்வீகம் ரோம் நகரத்துக் கோயில் ஒன்று.

கி.மு. 344இல் கேப்பிடோலின் குன்றில் ஜூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்துக்குக் கோயில் எழுந்தது. மொனேட்டா என்றால் எச்சரிப்பவள் என்று ரோமானியர் விளக்கம் சொன்னார்கள். பின்னாளில் அவர்களுடைய நாணயச்சாலை அந்தக் கோயிலை ஒட்டியே இயங்கியது. அதனால் அம்மன் பெயரே காசு அடிக்கும் இடத்துக்கும், பிறகு காசுக்கும் ஆகிவந்தது.

அந்தப் பெயர் இரண்டு வழிகளில் ஆங்கிலம் போய்ச் சேர்ந்தது. ஜெர்மானிய மொழிகள் வழியாக முந்திப் போனது மின்ட். பிரெஞ்சு வழியாகப் பிந்திப் போனது ‘மணி’, அதாவது பணம். இரண்டும் ஒருதாய் மக்கள். முதலில் நாணயத்தைக் குறித்த மின்ட், 15ஆம் நூற்றாண்டு வாக்கில் நாணயச்சாலையைக் குறிக்கத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு அது சென்னைக்கும் வந்தது. ஜார்ஜ் டவுனின் மின்ட் தெருவைத் தமிழில் தங்கசாலைத் தெரு என்கிறோம்.

வெள்ளிக்காசின் மதிப்பு அதன் எடையில் இருந்த காலம் அது. இங்கிலாந்தில் காசின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவது பெருங்குற்றமாக இருந்தது. 1696இல் லண்டன் நாணயச்சாலைப் பொறுப்புக்கு வந்த ஐசக் நியூட்டன், இந்தத் திருடர்களையும் கள்ளக்காசு அடித்தவர்களையும் தேடிப் பிடித்தார். நாணயச்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காசுதான் முழுக்காசு.

அந்த எண்ணத்தைத் தபால்தலைக்கும் கொண்டுபோனவர்கள் சேகரிப்பாளர்கள். 1840இல் முதல் தபால்தலையான ‘பென்னி பிளாக்’ வெளிவந்த பிறகு தபால்தலை சேர்ப்பது பரவியது. முத்திரை விழாத, பின்பக்கப் பசை கலையாத தபால்தலையை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘மின்ட்’ என்றார்கள். பிறகு புத்தகம், இசைத்தட்டு, கார் என எதற்கும் அந்த அடைமொழி வந்தது.

நாணய உலகில் அதற்கு இன்று கறாரான அளவுகோல் உண்டு. நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 70 புள்ளி முறையில், 60க்குக் கீழே போனால் மின்ட் இல்லை. பளபளப்பு மட்டும் போதாது. அது அச்சடித்தபோது வந்த பளபளப்பாக இருக்கவேண்டும். தேய்த்து வரவழைத்த மினுமினுப்பு நிபுணர் கண்ணில் உடனே பட்டுவிடும், விலையும் சரியும். ஆகவே தாத்தா பெட்டியில் பழைய காசு கிடைத்தால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.