வேலி போட்டார்கள், வண்ணத்துப்பூச்சி போய்விட்டது

ஒரு புல்வெளியைப் பாதுகாக்கணும்னா முதல்ல என்ன செய்வோம்? வேலி போடுவோம். ஆடு மாடு வரக்கூடாது, தீ வைக்கக்கூடாதுன்னு பலகை மாட்டுவோம். இங்கிலாந்தில் இப்படிப் பாதுகாத்த இடத்திலேயே ஒரு வண்ணத்துப்பூச்சி அழிந்த கதையைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

அதன் பெயர் லார்ஜ் ப்ளூ. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே எண்ணிக்கை குறைந்து வந்தது. சேகரிப்பாளர்கள் பிடித்துப்போவதுதான் காரணம் என்று நம்பி, சில இடங்களுக்கு வேலி போட்டார்கள். ஆட்கள் வரவில்லை. கூடவே கால்நடைகளும் வரவில்லை. பூச்சி அங்கேயும் மறைந்தது.

ஏன்? இதன் புழு முதலில் தைம் செடியின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழும். அதைத் தன் கூட்டத்துப் புழு என்று நினைத்து எறும்பு புற்றுக்குத் தூக்கிப்போகும். உள்ளே போனதும் அது எறும்பின் புழுக்களையே தின்று சுமார் 10 மாதம் வளரும்! எறும்போடு உள்ள இந்த உறவு 1915 வாக்கிலேயே தெரியும். ஆனால் எந்த எறும்பு என்பதில்தான் விஷயம் இருந்தது.

1970களில் ஜெரமி தாமஸ் அதைக் கண்டுபிடித்தார். மிர்மிகா சபுலெட்டி என்ற ஒரே இனத்தின் புற்றில்தான் இந்தப் புழு நன்றாகப் பிழைக்கும். அந்த எறும்புக்கு வெயில் படும் சூடான மண் வேண்டும். புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே மண் குளிர்ந்துவிடும், வேறு எறும்புகள் இடத்தைப் பிடித்துவிடும்.

அதுவரை புல்லைக் குட்டையாக வைத்தது யார்? ஆடு, மாடு, முயல். டார்ட்மூர் பக்கம் விவசாயிகள் முள்புதருக்குத் தீ வைப்பார்கள். எரிந்த இடத்தில் வரும் புதுப்புல்லை மாடு மேயும். பூச்சிக்காக யாரும் இதைச் செய்யவில்லை. ஆனால் சரிவு நிலங்களில் மேய்ச்சல் குறைந்தது. 1953இல் வந்த மிக்ஸோமடோசிஸ் நோயில் முயல்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புல் வளர்ந்தது.

விடை கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. 1979இல் லார்ஜ் ப்ளூ பிரிட்டனில் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். 1983இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இந்த முறை மேய்ச்சலையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று தென்மேற்கு இங்கிலாந்தில் அது மறுபடி பறக்கிறது.

அப்போ மேய்ச்சலும் தீயும் எங்கேயும் நல்லதா? இல்லை. தைம் பூக்கும் சமயத்தில் அதிகமாக மேய்த்தால் பூவோடு முட்டையும் போகும். மொத்தச் சரிவையும் ஒரே நாளில் எரித்தால் ஒதுங்க இடமே இருக்காது. எப்போது, எங்கே, எவ்வளவு என்பதுதான் கணக்கு. வேலி போடுறதுக்கு முன்னாடி, அந்த நிலத்தில் இதுவரை யார் மேய்த்தார்கள்னு ஒரு வார்த்தை விசாரிக்கணும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.